நீந்தி, மிதித்து, ஓடி... 113 கிலோ மீட்டர்!

கடலில் 1,900 மீட்டர் நீந்த வேண்டும். கரையேறிய ஈரம் காயும் முன்பே மிதிவண்டியில் ஏறி 90 கிலோ மீட்டர் செல்ல வேண்டும். வண்டியை நிறுத்திய மறு நிமிடமே 21.1 கிலோ மீட்டர் ஓட வேண்டும். இடையில் உடை மாற்றினாலும், நீர் அருந்தினாலும், களைத்து அமர்ந்தாலும் கடிகாரம் நிற்பதில்லை. எல்லாவற்றையும் எட்டரை மணி நேரத்திற்குள் முடித்தாக வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினாலும் பந்தயத்தை முடித்தவர் பட்டியலில் பெயர் இடம்பெறாது.

இத்தகைய பந்தயம் இராணுவ வீரர்களுக்கும் ஒலிம்பிக் வீரர்களுக்கும் உரியது என்றே நம்மில் பலர் எண்ணுவோம். ஆனால் இதில் கலந்துகொள்வோரில் மிகப் பெரும்பாலோர் மருத்துவர்கள், வங்கி ஊழியர்கள், கணிப்பொறித் துறையினர், வணிகர்கள், இல்லத்தரசிகள். அலுவலகத்திற்கும் அடுப்படிக்கும் இடையில் கிடைக்கும் அதிகாலைப் பொழுதுகளில் பயிற்சி செய்து வருபவர்கள். பரிசுத் தொகை ஏதும் இவர்களுக்குக் கிடைக்கப்போவதில்லை. மாறாக, பல ஆயிரம் ரூபாய் கட்டணம் செலுத்தித்தான் கலந்துகொள்கிறார்கள். அப்படி என்னதான் இருக்கிறது இதில்?

இந்தக் கேள்விக்கு விடை தேட எனக்கு ஒரு வாய்ப்பு அமைந்தது. சிறுவயதில் என்னிடம் மாலை வகுப்பில் ஓதிய மாணவர் ஒருவர் இந்தப் பந்தயத்தில் இருமுறை கலந்துகொண்டவர். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவரைத் 'தம்பி' என்றே இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன். அவர் அனுபவத்தைக் காண்பதற்கு முன், இந்தப் பந்தயம் பிறந்த கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

பந்தயம் பிறந்த கதை

நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் ஒரே தொடராகச் செய்யும் இப்போட்டிக்கு 'டிரையத்லான்' என்று பெயர். 1974-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் நாள், அமெரிக்காவின் சான்டியாகோ நகரில் மிஷன் பே என்னுமிடத்தில், ஓட்டக்காரர் சங்கம் ஒன்று தன் வழக்கமான ஓட்டப் பயிற்சிக்கு ஒரு மாற்றாக இதை நடத்தியது. 46 பேர் கலந்துகொண்டனர்.

அடுத்த கட்டம் ஹவாய்த் தீவில் நிகழ்ந்தது. நீந்துபவர், மிதிவண்டி ஓட்டுபவர், நெடுந்தூரம் ஓடுபவர் ஆகிய மூவரில் யாருக்கு உடல் வலிமை அதிகம் என்றொரு வாதம் அங்கே எழுந்தது. அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும் அதற்கு ஒரு வழி கண்டனர். அத்தீவில் ஏற்கெனவே தனித்தனியே நடந்துவந்த மூன்று நெடுந்தூரப் பந்தயங்களை ஒன்றாக இணைத்துவிட்டனர். 3.8 கிலோ மீட்டர் நீச்சல், 180 கிலோ மீட்டர் மிதிவண்டி, 42.2 கிலோ மீட்டர் ஓட்டம். முதலில் முடிப்பவரை 'இரும்பு மனிதர்' என்று அழைப்போம் என்றார் காலின்ஸ். 1978 பிப்ரவரி 18-இல் நடந்த அம்முதற் போட்டியில் 15 பேர் இறங்கினர். 12 பேர் முடித்தனர். 11 மணி 46 நிமிடம் 58 வினாடியில் வென்ற கார்டன் ஹாலர் ஒரு டாக்ஸி ஓட்டுநர்!

1982-இல் அதே ஹவாயில் நடந்த நிகழ்ச்சி ஒன்று இப்பந்தயத்தை உலகறியச் செய்தது. ஜூலி மாஸ் என்ற கல்லூரி மாணவி, தம் பட்டப் படிப்பின் ஆய்வுக்காகப் போட்டியில் கலந்துகொண்டவர், பெண்களில் முதலாவதாக வந்துகொண்டிருந்தார். எல்லைக்கோட்டிற்குச் சில மீட்டர் தொலைவில் கால்கள் துவண்டு விழுந்தார். மற்றொரு பெண் அவரைக் கடந்து சென்று முதலிடம் பெற்றார். ஜூலியோ எழ முடியாமல் கைகளை ஊன்றித் தவழ்ந்தே சென்று கோட்டைத் தொட்டார். தொலைக்காட்சியில் அதைக் கண்டவர்கள் வென்றவரை மறந்துவிட்டனர், தவழ்ந்தவரை மறக்கவில்லை. 'முதலில் வருவது சிலருக்கு. முடித்து வருவது எல்லோருக்கும்' என்ற எண்ணம் இப்பந்தயத்தின் அடிப்படையாகிப் போனது.

அந்த முழுத் தூரத்தில் சரிபாதிதான் நாம் தொடக்கத்தில் சொன்ன 113 கிலோ மீட்டர். மைல் கணக்கில் 70.3 என்பதால் 'அயர்ன்மேன் 70.3' என்று அழைக்கப்படுகிறது. இந்தியாவில் இது முதன்முதலாக 2019 அக்டோபர் 20-இல் கோவாவின் தலைநகர் பணஜியில், மீராமார் கடற்கரையில் நடைபெற்றது. கொரோனாப் பெருந்தொற்றால் இரண்டாண்டுகள் தடைப்பட்டு, 2022 முதல் மீண்டும் நடந்தது.

இரும்புக் கடையிலிருந்து...

தம்பி கீழக்கரையைச் சேர்ந்தவர். அவ்வூர் முன்னோர்கள் மன்னார் வளைகுடாவில் இடுப்பில் கயிறும் காலில் கல்லும் கட்டி மூழ்கி முத்தெடுத்தவர்கள் என்பது வரலாறு. ஆனால் தம்பிக்கோ நீச்சல் தெரியாது! பத்து வயதிலேயே சென்னைக்குக் குடிபெயர்ந்துவிட்டதால் கடலைக் கரையிலிருந்து பார்த்ததோடு சரி. பாரிமுனைப் பகுதியில் காக்காவும் அவரும் சேர்ந்து ஹார்டுவேர்ஸ் கடை நடத்துகிறார்கள். காலை ஒன்பது மணிக்குக் கல்லாவில் அமர்ந்தால் இரவு ஒன்பது மணிக்கு எழுவது. மதியம் பிரியாணி, மாலை சமோசா, இடையிடையே சர்க்கரை தூக்கலாய்த் தேநீர். வணிகக் குடும்பங்களில் நாம் காணும் வழக்கமான வாழ்க்கைதான்.

அவருடைய வாப்பா 52-ஆம் வயதில், அதே கடையின் கல்லாவில் அமர்ந்திருந்தபோதே மாரடைப்பால் மறைந்தவர். தம்பிக்கு 36 வயதானபோது இரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.1 விழுக்காடு என்று வந்தது. 5.7-க்கும் 6.4-க்கும் இடைப்பட்ட அளவு நீரிழிவுக்கு முந்தைய நிலை என்பர் மருத்துவர்கள். "மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், எடையைக் குறையுங்கள்" என்று கூறி அனுப்பிவிட்டார் மருத்துவர்.

இது தம்பி ஒருவருடைய கதை மட்டுமன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு நோயாளிகள். வயது வந்தோரில் நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல். நம் வீடுகளில் எண்ணிப் பார்த்தாலே இக்கணக்கு புரியும்.

முதலில் நடை, பிறகு மெல்லோட்டம், பிறகு பழைய மிதிவண்டி ஒன்று. ஓராண்டில் 14 கிலோ குறைந்தார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் மிதிவண்டி ஓட்டும் குழுவினரோடு அறிமுகம் ஏற்பட்டது. அவர்களில் ஒருவர்தான் கோவாப் பந்தயத்தைப் பற்றிச் சொன்னவர். "இரும்புக் கடைக்காரர் இரும்பு மனிதராக வேண்டாமா?" என்று வேடிக்கையாகக் கேட்டாராம். வேடிக்கை வினையாயிற்று.

மனைவி வைத்த நிபந்தனை

வீட்டில் சொன்னபோது அவருடைய மனைவி உடனே சரி என்று கூறிவிடவில்லை. மாமனாரின் திடீர் மரணத்தைக் கண்டவர் அவர். மூன்று நிபந்தனைகள் வைத்தார். முதலாவது, இதய மருத்துவரிடம் டிரெட்மில் பரிசோதனையும் எக்கோ பரிசோதனையும் செய்து, அவர் எழுத்தில் அனுமதி தர வேண்டும். இரண்டாவது, முறையான பயிற்றுநரிடமே நீச்சல் கற்க வேண்டும். மூன்றாவது, நெஞ்சில் வலியோ, தலைசுற்றலோ, கண் இருட்டலோ தோன்றினால் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். எத்தனை ஆயிரம் கட்டியிருந்தாலும், எல்லைக்கோடு எத்தனை அருகில் இருந்தாலும் சரி.

"மூன்றாவதற்கு என்னைக் கையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாள், ஹஜ்ரத். 'பிள்ளைகளுக்கு மெடல் வேண்டாம், வாப்பா வேண்டும்' என்றாள்," என்று தம்பி கூறியபோது அவர் குரல் தழுதழுத்தது.

அந்த அம்மையாரின் அச்சம் வீண் அச்சமன்று என்பதை வாசகர்கள் அறிய வேண்டும். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை நடந்த டிரையத்லான் போட்டிகளை ஆராய்ந்த மருத்துவ ஆய்வொன்று, அவற்றில் 135 பேருக்குத் திடீர் மரணமோ, இதய நிறுத்தமோ, விபத்துக் காயத்தால் மரணமோ ஏற்பட்டதைக் கண்டறிந்தது. கலந்துகொண்டோரில் இலட்சத்திற்கு 1.74 பேர் என்பது அக்கணக்கு. விகிதம் சிறியதே. ஆனால் அந்த 135-இல் 90 நிகழ்ச்சிகள் நீச்சலின்போது நேர்ந்தவை. பெண்களைவிட ஆண்களுக்கு, அதிலும் நாற்பதைத் தாண்டிய ஆண்களுக்கு, ஆபத்து கூடுதல் என்றும் அவ்வாய்வு காட்டிற்று. மறைந்திருந்த இதய நோய் பலருக்குப் பிறகே தெரியவந்தது. ஆகவே பரிசோதனையின்றி இறங்குவது வீரமாகாது.

தொடர்ந்த பயிற்சி

பரிசோதனைகளில் குறையேதும் இல்லை. 2022-இன் தொடக்கத்தில் தம்பி நீச்சல் குளத்தில் இறங்கினார். இடுப்பளவு நீரில் முகத்தை அமிழ்த்தி மூச்சு விடப் பழகவே இரண்டு வாரம் ஆயிற்று. எட்டு வயதுச் சிறுவர்கள் மீன்போல் பக்கத்தில் பாய்ந்து செல்ல, 37 வயதில் இவர் கம்பியைப் பிடித்துக் கால் உதைத்துக்கொண்டிருந்தார். நான்கு மாதத்தில் நிற்காமல் ஆயிரம் மீட்டர் நீந்தத் தொடங்கினார்.

குளத்தில் நீந்துவது வேறு, கடலில் நீந்துவது வேறு. குளத்தின் அடியில் கோடு தெரியும்; கடலில் கலங்கல் தவிர ஒன்றும் தெரியாது. மிதக்கவிட்டிருக்கும் அடையாள மிதவைகளைக் குறிவைத்துச் செல்ல வேண்டும். அதற்காகப் பத்துப் பன்னிரண்டு வீச்சுக்கு ஒருமுறை முதலையைப் போலக் கண்களை மட்டும் நீருக்கு மேலே உயர்த்திப் பார்க்கப் பழக வேண்டும். இல்லையேல் 1,900 மீட்டர் நீந்த வேண்டியவர் திசை தவறி அதற்கு மேலும் நீந்த நேரிடும்.

மிதிவண்டியிலிருந்து இறங்கி உடனே ஓடும் பயிற்சியும் தனியே வேண்டும். மூன்று நான்கு மணி நேரம் மிதித்த கால்கள் தரையில் ஊன்றியதும் தம்முடையவை அல்லாதவை போலத் தள்ளாடும். 'பிரிக்' என்று இப்பயிற்சிக்குப் பெயர். செங்கல் என்று பொருள். "அப்படிச் செய்த அன்று கால்கள் உண்மையிலேயே செங்கல்லாகிவிடும்" என்று சிரிக்கிறார் தம்பி.

வாரம் பத்து மணி நேரப் பயிற்சி. கடைக்குக் காக்கா காலையில் தனியே சென்று கதவு திறந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை மனைவியே கவனித்துக்கொண்டார். ரமழான் மாதத்தில் கடும் பயிற்சிகளை நிறுத்திவிட்டு, தராவீஹுக்குப் பிறகு அரைமணி நேர மெல்லோட்டம் மட்டும். ஒருவர் கழுத்தில் விழும் பதக்கத்திற்குப் பின்னால் எத்தனை பேர் உழைப்பு இருக்கிறது என்பதை இங்கே காண வேண்டும்.

முதல் முயற்சி: 17 நிமிடம்

2022 நவம்பர் 13. ஃபஜ்ர் தொழுதுவிட்டு மீராமார் கடற்கரைக்கு வந்து சேர்ந்தபோது ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் மணலில் கூடியிருந்தனர். கணுக்காலில் நேரம் காட்டும் சிப் பொருத்திய பட்டை. தலையில் நீச்சல் தொப்பி. சில வினாடி இடைவெளியில் சிலர் சிலராகக் கடலில் இறங்கினர்.

நீச்சலை 1 மணி 4 நிமிடத்தில் முடித்தார் தம்பி. 1 மணி 10 நிமிடத்திற்குள் முடிக்காதவர்கள் அங்கேயே நிறுத்தப்படுவர். தப்பித்தோம் என்ற மகிழ்ச்சியில், இழந்த நேரத்தை மிதிவண்டியில் ஈடுகட்ட வேண்டும் என்று முதல் 30 கிலோ மீட்டரை வழக்கத்தைவிட வேகமாக மிதித்தார். கோவாவின் சாலை சென்னையைப்போலச் சமதரை அன்று. ஏற்றமும் இறக்கமும் மாறிமாறி வரும். வெயில் ஏற ஏற வியர்வை ஊற்றெடுத்தது. தாகத்திற்கு வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டு போனார். உண்ண வைத்திருந்தவற்றை வேகத்தில் தொடவேயில்லை.

60-ஆவது கிலோ மீட்டரில் குமட்டல். 65-இல் வாந்தி. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. கையில் அடித்துச் செய்த சத்தியம் நினைவுக்கு வந்தது. சாலையோர மரநிழலில் வண்டியைச் சாய்த்துவிட்டு அமர்ந்துவிட்டார். தொண்டர் ஒருவர் ஓடிவந்தார். மருத்துவக் குழுவினர் நாடி பார்த்தனர். உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைச் சிறுகச் சிறுகக் குடித்து, இருபது நிமிடத்திற்குப் பிறகே, அவர்கள் சம்மதத்துடன் மீண்டும் வண்டியேறினார்.

பந்தயம் தொடங்கியதிலிருந்து ஐந்தரை மணி நேரத்திற்குள் மிதிவண்டிப் பகுதியை முடிக்க வேண்டும் என்பது விதி. தம்பி வந்து சேர்ந்தபோது 5 மணி 47 நிமிடம். 17 நிமிடம் தாமதம். நடுவர் கனிவோடு, ஆனால் உறுதியோடு, கணுக்கால் பட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்.

"இருபது நிமிடம் உட்காராமல் இருந்திருந்தால் நேரத்திற்குள் வந்திருப்பேன், ஹஜ்ரத். அந்தக் கணக்கு ஒரு வாரம் என்னைத் தூங்கவிடவில்லை. ஆனால் உட்காராமல் இருந்திருந்தால் வந்திருப்பேனா, விழுந்திருப்பேனா என்பதும் எனக்குத் தெரியாது," என்கிறார் அவர்.

ஊர் திரும்பியதும் ஒன்பது வயது மகள் கேட்டாள்: "ஏன் வாப்பா உங்களுக்கு மெடல் குடுக்கல?" சாலை சரியில்லை, வெயில் அதிகம் என்று ஏதேனும் சொல்லியிருக்கலாம். "வாப்பா நேரத்துக்குள்ள வரல, அதான் குடுக்கல" என்றார் தம்பி. பிள்ளைக்கு வாப்பா கற்பித்த பாடங்களில் அது சிறந்ததொன்று என்பேன்.

உப்பும் சர்க்கரையும்

தோல்விக்குக் காரணம் கால் வலிமையின்மை அன்று, வயிற்றுக் கணக்குத் தவறியதே என்பது பின்னர் தெளிவாயிற்று. இது விளையாட்டு வீரர்களுக்கு மட்டுமன்றி வெயிலில் உழைக்கும் யாவருக்கும் பயன்படும் செய்தியாதலால் சற்று விரித்துச் சொல்கிறேன்.

நம் தசைகளும் ஈரலும் மாவுச்சத்தைச் சேமித்து வைக்கின்றன. கடும் உழைப்பில் அச்சேமிப்பு இரண்டு மூன்று மணி நேரத்தில் பெருமளவு கரைந்துவிடும். ஆகவே நெடுந்தூரப் பந்தயத்தில் மணிக்கு சுமார் 60 கிராம் மாவுச்சத்தை உட்கொண்டே செல்ல வேண்டும். பசி எடுத்த பிறகு உண்ணலாம் என்றால் காலம் கடந்துவிடும். அளவுக்கு மீறிய வேகத்தில் செல்லும்போதோ இரத்தம் தசைகளுக்கே பாய்ந்துவிடுவதால் வயிறு செரிக்க மறுத்துக் குமட்டும்.

வியர்வையில் நீர் மட்டுமன்றி உப்பும் வெளியேறுகிறது. கோவா போன்ற புழுக்கமான கடற்கரையில் ஒருவர் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வியர்க்கக்கூடும். அவ்வேளையில் வெறும் தண்ணீரையே அளவின்றிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், குழப்பம், முற்றினால் வலிப்பும் மரணமும் கூட நேரலாம். தண்ணீர் குறைந்தாலும் கேடு. அளவு மீறினாலும் கேடு.

இதற்கு மாற்று விலையுயர்ந்த வெளிநாட்டுப் பானமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வயிற்றுப்போக்குக்கு நாம் குழந்தைகளுக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலில், உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி, ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் சமையலுப்பும் 13.5 கிராம் குளுக்கோசும் உள்ளன. வேறு இரு உப்புகளும் உண்டு. தம்பி அடுத்த ஆண்டு இதையே தம் புட்டியில் நிரப்பிக்கொண்டார். உணவுக்கு விதை நீக்கிய பேரீச்சம்பழமும், உப்புத் தூவிய வேகவைத்த உருளைக்கிழங்கும், வாழைப்பழமும். இருபது நிமிடத்திற்கு ஒருமுறை கைக்கடிகாரம் ஒலிக்க வைத்து, பசித்தாலும் பசிக்காவிட்டாலும் ஒரு வாய் உண்ணப் பழகினார்.

இரண்டாம் முயற்சி

2023 அக்டோபர் 8. அதே கடற்கரை. இம்முறை மனைவியும் பிள்ளைகளும் உடன் வந்திருந்தனர்.

கடலில் இறங்கிய முதல் இருநூறு மீட்டரில் பெரும் சோதனை. பக்கத்தில் நீந்தியவரின் கால் முகத்தில் பட்டுக் கண்ணாடி விலகிற்று. உப்பு நீர் தொண்டைக்குள் புகுந்தது. நெஞ்சு படபடத்து மூச்சு திணறியது. வெதுவெதுப்பான கடலாதலால் உடலை மிதக்க வைக்கும் இரப்பர் உடைக்கும் அங்கே இடமில்லை. நெஞ்சில் வலி இருக்கிறதா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டார், இல்லை, அச்சம்தான். பயிற்றுநர் கற்பித்தபடி மல்லாந்து மிதந்து, வானத்தைப் பார்த்தவாறே மூச்சைச் சீராக்கிக்கொண்டார். துடுப்புப் படகில் இருந்த உயிர்காப்பாளர் கையுயர்த்தி வினவினார். சரி என்று சைகை காட்டிவிட்டு மீண்டும் நீந்தினார். 56 நிமிடத்தில் கரை.

மிதிவண்டிப் பகுதியில் விதிகள் பல. தலைக்கவசத்தின் பட்டையை மாட்டாமல் வண்டியைத் தொடக்கூடாது. முன்னே செல்பவரின் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றின் எதிர்ப்பைத் தவிர்க்கக் கூடாது. 12 மீட்டர் இடைவெளி வேண்டும். மீறினால் ஐந்து நிமிடம் நிறுத்தி வைப்பார்கள். வெளியார் உதவி கூடாது. இம்முறை தம்பி தம் வேகத்தைத் தாமே அடக்கிக்கொண்டார். வயது முதிர்ந்த பெண்மணி ஒருவர் அவரைக் கடந்து சென்றபோதும் பின்தொடரவில்லை. கடிகாரம் ஒலித்தபோதெல்லாம் பேரீச்சம்பழம் ஒன்று, கரைசல் ஒரு மிடறு. 90 கிலோ மீட்டரை 3 மணி 44 நிமிடத்தில் முடித்தார். உடை மாற்றும் நேரத்தையும் சேர்த்து, கெடுவுக்கு நாற்பது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார்.

மிச்சமிருந்தது ஓட்டம். நண்பகல் வெயில், தார்ச்சாலையின் சூடு காலணியையும் தாண்டிக் கொதித்தது. ஒரே பாதையில் சுற்றிச் சுற்றி ஓட வேண்டியிருந்ததால், எல்லைக்கோட்டின் ஒலிபெருக்கி காதில் விழுந்துகொண்டேயிருக்க, அதை விட்டு விலகி அடுத்த சுற்றுக்குச் செல்ல வேண்டும். அதுவே மனத்திற்குப் பெரிய சோதனை என்கிறார். நீர்ப்பந்தல் ஒவ்வொன்றிலும் நின்று, தலையில் நீர் ஊற்றி, பனிக்கட்டியைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு, ஒரு பந்தலிலிருந்து அடுத்த பந்தல் வரை மட்டுமே நினைத்து ஓடினார். 15-ஆவது கிலோ மீட்டருக்குப் பின் நடையும் ஓட்டமுமாக.

சாலையோரம் நின்ற மனைவி ஒவ்வொரு சுற்றிலும் ஒரே கேள்விதான் கேட்டாராம்: "நெஞ்சு எப்படி இருக்கு?" வலப்புறக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார் தம்பி. மகள் மட்டும் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "வாப்பா, நேரம் இருக்கு, மெதுவா வாங்க!" என்று கத்தினாள்.

மொத்தம் 7 மணி 48 நிமிடம். நீச்சல் 56 நிமிடம். மிதிவண்டி 3 மணி 44 நிமிடம். ஓட்டம் 2 மணி 51 நிமிடம். இடையில் உடை மாற்றிய நேரம் 17 நிமிடம். முந்தைய ஆண்டு தாமதமானதும் அதே 17 நிமிடம்தான்! முதலில் வந்தவர்கள் அவருக்கு மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிட்டுக் குளித்து உணவருந்தியும் இருப்பார்கள். அதைப்பற்றி யாருக்கென்ன? பதக்கத்தை மகள் வாங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

பெண்களுக்கும் வழியுண்டு

இத்தகைய விளையாட்டுகளில் நம் பெண்களுக்கு இடமில்லை என்று கருதுவோர் ஷிரின் ஜெராமியைப் பற்றி அறிந்துகொள்வது நன்று. இங்கிலாந்தில் பயின்றபோது டிரையத்லானில் ஈடுபட்ட அந்த ஈரானியப் பெண், தம் நாட்டின் சார்பில் கலந்துகொள்ள விரும்பினார். நீச்சலும் மிதிவண்டியும் ஓட்டமும் சேர்ந்த பந்தயத்தில் உடலையும் தலைமுடியையும் மறைக்கும் உடை எப்படிச் சாத்தியம் என்ற கேள்வி எழுந்தது. அவர் மனம் தளராமல் ஈரானிய அதிகாரிகளோடு மாதக்கணக்கில் பேசி, அவர்கள் ஏற்கத்தக்க உடையை வடிவமைத்து, போட்டிக்குச் சற்று முன்னதாக அனுமதி பெற்றார். 2013 செப்டம்பரில் லண்டனில் நடந்த உலகப் போட்டியில் ஈரான் சார்பில் கலந்துகொண்ட முதற் பெண் டிரையத்லான் வீராங்கனையானார். 2016-இல் ஹவாயின் முழுத்தூரப் பந்தயத்தையும் உடல் மறைத்த உடையுடனேயே முடித்துக் காட்டினார். தடை என்று பலர் எண்ணியதை அவர் தையற்காரரின் வேலையாக மாற்றிவிட்டார் எனலாம்.

நாம் கொள்ள வேண்டியவை

வாசகர்கள் யாவரும் கோவாவுக்குப் புறப்பட வேண்டும் என்பது என் நோக்கமன்று. நுழைவுக் கட்டணம், மிதிவண்டி, பயணம், தங்குமிடம் என்று செலவு மிகுந்த விளையாட்டு இது. கடன் வாங்கிச் செய்வதற்கும், குடும்பத்தைத் தவிக்கவிட்டுச் செய்வதற்கும் உரியதன்று. ஆர்வமுள்ள இளைஞர்கள் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோ மீட்டர் மிதிவண்டி, 5 கிலோ மீட்டர் ஓட்டம் கொண்ட குறுந்தூரப் போட்டியிலிருந்து தொடங்கலாம். நாற்பதைக் கடந்தவர்கள் இதயப் பரிசோதனைக்குப் பிறகே தொடங்க வேண்டும்.

எஞ்சியோருக்கு உலக சுகாதார நிறுவனம் கூறுவது மிக எளிது: வாரத்திற்கு 150 நிமிடம் வேகநடை. நாளொன்றுக்கு அரைமணி வீதம் ஐந்து நாள். அதுவே நம் கல்லாப்பெட்டிகளில் அமர்ந்திருக்கும் எத்தனையோ வாப்பாக்களைப் பிள்ளைகளுக்கு மிச்சம் வைக்கும். நீச்சலையோ ஆணும் பெண்ணும் சிறுவயதிலேயே கற்றுவிடுவது கட்டாயம். ஆண்டுதோறும் குளத்திலும் ஆற்றிலும் கடலிலும் நாம் பறிகொடுக்கும் பிள்ளைகளை எண்ணினால் இது விளையாட்டாகத் தோன்றாது.

தம்பியின் சர்க்கரைச் சராசரி இப்போது 5.4 என்கிறார். காக்காவும் மாலையில் கடையைச் சற்று முன்னதாக மூடிவிட்டு மெரினாவில் நடக்கத் தொடங்கியிருக்கிறார். தம்பியின் மனைவி மகளிர் நேரத்தில் நீச்சல் கற்று வருகிறார். "முழுத் தூரப் பந்தயத்திற்கும் போவீர்களா?" என்று கேட்டேன். "அது வீட்டு ஷூராவில் முடிவாக வேண்டும், ஹஜ்ரத்," என்றார் சிரித்தபடி. எல்லைக்கோட்டைத் தொடுவதைவிட, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கத் தெரிந்திருப்பதே பெரிய தேர்ச்சி. அது கைவந்தவர் எத்தனை தூரம் சென்றாலும் வீட்டாருக்கு அச்சமில்லை.